தொண்டையில் தொடங்கும் பாடத்திட்டம்

கதைப் புத்தகங்களை வைத்து நடத்தும் கிறிஸ்தவ ஹோம்ஸ்கூல் (வீட்டிலேயே பெற்றோர் நடத்தும் படிப்பு) பாடத்திட்டங்களில் எது நல்லது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் உங்களால் சத்தமாக வாசிக்க முடியும் என்பதைத்தான். விலை, படங்கள், அழகான அட்டை எல்லாம் அப்புறம்.

இந்த முறையின் வேர் பிரிட்டிஷ் கல்வியாளர் சார்லட் மேசனிடம் (1842–1923) இருக்கிறது. ஒரே ஒரு முறை வாசி, பிறகு பிள்ளை தன் சொந்த வார்த்தையில் சொல்லட்டும் என்பது அவர் வழி. வேதத்தில் வரும் பவுலின் கப்பற்சேதத்தை வாசித்துவிட்டுச் சொல்லச் சொன்னால், மெலித்தா என்ற தீவின் பெயர் பிள்ளைக்கு மறந்திருக்கும், ஆனால் கப்பலின் பின்பக்கத்திலிருந்து நாலு நங்கூரங்களைப் போட்டுவிட்டு விடியலுக்காகக் காத்திருந்தது அப்படியே வரும். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லும் தாளில் இதே பிள்ளைக்கு முட்டைதான்.

இந்த வகைப் பாடத்திட்டங்களில் சோன்லைட் 1990-இல் தொடங்கியது. புத்தகங்கள், வாராந்தர அட்டவணை, வழிகாட்டி எல்லாம் கையில் வந்துவிடும், ஆனால் வாசித்துக் காட்டும் சுமை பெரிது. ஆம்பிள்சைட் ஆன்லைன் இலவசம், பழைய புத்தகங்கள் அதிகம், மொழியும் பழையது, பொறுமை வேண்டும். வயது வித்தியாசமுள்ள இரண்டு மூன்று பிள்ளைகள் இருந்தால் மை ஃபாதர்ஸ் வேர்ல்டைப் பாருங்கள், வேதம், வரலாறு, அறிவியலை எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்தே நடத்தலாம்.

'கிறிஸ்தவ' என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்து நம்பிவிடாதீர்கள். சிலவற்றில் பக்கத்தின் மேலே ஒரு மனப்பாட வசனம் ஒட்டியிருக்கும், கீழே இருப்பது சாதாரணப் பாடம்தான். படைப்பைப் பற்றி என்ன சொல்கிறார்கள், எந்தச் சபையின் உபதேசம் உள்ளே ஓடுகிறது, மற்ற மதத்தவரைப் பற்றி எந்தத் தொனியில் பேசுகிறார்கள் என்று அறிவியல் பகுதியையும் வரலாற்றுப் பகுதியையும் திறந்து பாருங்கள். பழைய மிஷனரிக் கதைகள் சிலவற்றில் உள்ளூர் மக்களைக் காட்டுமிராண்டிகள் என்றே எழுதியிருப்பார்கள். அந்த வரியைத் தாண்டிப் போவதைவிட, அங்கே நிறுத்தி, ஆண்டவர் சாயலில் படைக்கப்பட்டவர்களை இப்படிச் சொல்லலாமா என்று பிள்ளையிடம் கேட்பதே எனக்குச் சரி என்று படுகிறது.

பல பதிப்பகங்கள் மாதிரிப் பக்கங்களை இலவசமாகவே தருகின்றன. ஒரு வார அட்டவணையை அச்செடுத்து, அதில் இருப்பதை அப்படியே நடத்திப் பாருங்கள். செவ்வாய்க்கிழமைக்குள் தொண்டை கட்டினால் பாதிப் புத்தகங்களை ஒலிப்புத்தகமாக மாற்றிக்கொள்ளலாம், அதில் தவறே இல்லை. கணக்கு மட்டும் இந்தக் கதைகளுக்குள் அடங்காது, அதற்குத் தனியாக ஒரு பாடத்திட்டம் வாங்கித்தான் ஆகவேண்டும்.