அம்மா எப்படி வளந்தாங்க?
1991ல வெளிவந்த ஒரு லண்டன் ஆய்வு, பீட்டர் ஃபோனகிங்கற உளவியல் ஆய்வாளரோட டீம் பண்ணது, தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்த கிட்டத்தட்ட 100 பேர்கிட்ட அவங்க சின்ன வயசு பத்தி விலாவாரியா பேட்டி எடுத்து, அத வச்சே பொறக்கப்போற குழந்தை ஒரு வயசுல அம்மாகிட்ட நம்பிக்கையா ஒட்டுமா ஒட்டாதான்னு சுமார் நாலுல மூணு பேர் விஷயத்துல சரியா சொல்லிட்டாங்க!!

எனக்கு பெரிய ஆறுதல் என்னன்னா, சின்ன வயசு நல்லா இருந்துச்சாங்கறத விட பட்ட கஷ்டத்த மறைக்காம கோர்வையா பேச முடியுதாங்கறதுதான் முக்கியம், அடி வாங்கி வளந்த பொண்ணும் பாசமான அம்மாவா இருக்க முடியும்.

நம்ம ஊர்ல செக்கப் போனா பிபி, சுகர், ஹீமோகுளோபின் எல்லாம் பாக்கறாங்க, நீ எப்படிம்மா வளந்தன்னு கேக்கறது அபூர்வம். வீட்ல யாராவது மாசமா இருந்தா உக்காந்து பேச விடுங்க ப்ளீஸ், நடுவுல "அதெல்லாம் பழசு, விடுடி"ன்னு மட்டும் சொல்லிராதீங்க