கூரையைப் பிரிக்கும் முன்

கூரை மாற்றும் வேலை நேற்றுதான் முடிந்தது. பழைய ஷிங்கிளை (கூரைமேல் ஆணியடித்துப் பதிக்கும் தார்ப்பட்டைகளை) கொட்ட டம்ப்ஸ்டர், அதாவது பெரிய இரும்புக் குப்பைத் தொட்டி, வாடகைக்கு எடுத்ததைப் பற்றி மட்டும் எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும்.

தொட்டி எவ்வளவு பெரியது என்றுதான் முதலில் கேட்டேன். கேட்க வேண்டியது, அதில் எவ்வளவு எடை வரை கொட்டலாம் என்பதை. 100 சதுர அடி கூரையில் ஒரு அடுக்கு ஆஸ்பால்ட் ஷிங்கிள் பெரும்பாலும் 100 கிலோவைத் தொட்டுவிடும். 2000 சதுர அடி என்றால் இரண்டு டன். எங்கள் கூரையின் ஓரத்தை நெம்பிப் பார்த்தால், அடியில் இன்னொரு அடுக்கு! பச்சை நிறத்தில், துருப்பிடித்த ஆணியோடு ஒட்டிக்கிடந்தது. கணக்கு அப்படியே இரட்டிப்பு. நல்லவேளை, முன்பே பார்த்தோம். எடை வரம்பைத் தாண்டினால் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

அப்புறம், தொட்டியை இறக்கும் இடத்தில் கனமான மரப்பலகை போட்டுவிடுங்கள், இரும்புச் சக்கரம் தரையைக் கீறிவிடும். ராத்திரி தார்ப்பாய் போட்டு மூடுங்கள். மழைத்தண்ணீர் தேங்கினால் அதுவும் எடைதான்.

கடைசி நாள் உருட்டுக் காந்தத்தைத் தள்ளிக்கொண்டு புல்தரை முழுக்க நடந்தேன். அரை வாளி ஆணி! குழந்தைகள் வெறுங்காலோடு ஓடும் இடம். இன்று மாலையும் ஒரு சுற்று போகப்போகிறேன்.