சாய்தளம் போனால் கொட்டகை போச்சு

டர்பனில் தாத்தா, ஆயா வயதில் இருப்பவர்கள் சினிமாவுக்குப் போவதை இன்றும் பயாஸ்கோப்புக்குப் போவது என்றுதான் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் வழக்கொழிந்த அந்தச் சொல் தென்னாப்பிரிக்காவில் எல்லா இனத்தார் வாயிலும் தங்கிவிட்டது. சொல்லுக்குரிய கட்டடங்கள்தாம் தங்கவில்லை. இன்று டாக்டர் யூசுப் தாதூ தெரு எனப்படும் பழைய கிரே தெரு, அதை ஒட்டிய விக்டோரியா தெரு வட்டாரத்தில் அவலோன், ஷாஜகான், ராஜ், ஆல்பர்ட், நாஸ் என்று நடந்துபோகும் தூரத்திலேயே எத்தனை கொட்டகைகள்!

இவை ஏன் மூடின என்று கேட்டால் டிவி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். இந்த நாட்டில் டிவி ஒளிபரப்பு முறையாகத் தொடங்கியதே 1976 ஜனவரி 5 அன்றுதான். அதற்கு முன்பே அடி விழுந்துவிட்டது. இனவாரியாகக் குடியிருப்பைப் பிரிக்க 1950-ஆம் ஆண்டு வந்த குழுப்பகுதிச் சட்டம் இந்தியக் குடும்பங்களை வேரோடு பெயர்த்து, நகர நடுவிலிருந்து தொலைவில், 1960களில் சாட்ஸ்வொர்த்திலும் 1970களில் பீனிக்ஸிலும் கொண்டுபோய் வைத்தது. நடந்து வந்தவர்கள் பஸ்ஸோ ரயிலோ பிடித்து வரவேண்டியதானது. படம் முடிந்து வீடு திரும்ப வண்டி கிடைக்குமா என்ற யோசனை வந்துவிட்டால் இரவுக் காட்சி படுத்துவிடும். பிறகு வீடியோ கேசட் வந்தது, மால்களில் பல திரை அரங்குகள் வந்தன.

ஆள் வராமல் கொட்டகை மூடுவது ஒன்று, கொட்டகை என்ற கட்டடம் சாவது வேறொன்று. இரண்டுக்கும் நடுவே பல ஆண்டுகள் கிடக்கின்றன. காப்பாற்ற முடிந்த காலம் அதுதான். அந்தக் காலத்தில் எது முதலில் கெடுகிறது, எது கெட்டாலும் சரிசெய்யலாம், எது போனால் திரும்பாது என்பது புரொஜெக்டர் கேபினிலும் கூரையிலும் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். பாரம்பரியம் பேசும் கூட்டங்களில் இந்தக் கேள்விகள் எழுவதே இல்லை.

மூடிய கொட்டகைக்குள் நுழைகிறவர்கள் நேரே திரையைப் பார்க்கப் போவார்கள். முதலில் பார்க்க வேண்டியது கூரை. தெருவிலிருந்து பார்த்தால் உயரமான முகப்பும் கைப்பிடிச்சுவரும்தான் தெரியும். அந்தச் சுவருக்குப் பின்னால், சாய்வான தகடு வந்து முடியும் இடத்தில், தகரத்தாலோ சிமென்டாலோ ஆன ஒரு மறைவான வாய்க்கால் ஓடும். பழைய கொட்டகைகள் பலவற்றின் உயிர்நிலை அது. புறா எச்சமும் குப்பையும் சேர்ந்து அதன் வாய் அடைபட்டதும் தண்ணீர் உள்பக்கமாக வழியத் தொடங்கும். பறவை போட்ட விதையில் அத்தி வகைச் செடி ஒன்று முளைத்து, வேர் செங்கல் இடுக்கில் இறங்கும். ஆள் நடமாட்டம் இருந்தவரை ஆண்டுக்கு இரண்டு முறை, மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும், ஒருவர் மண்வெட்டியோடு மேலேறி அதை வாரிவிடுவார். மூடிய பிறகு யாரும் ஏறுவதில்லை. டர்பன் மழை அதற்காகக் காத்திருக்காது. 2022 ஏப்ரலில் 24 மணி நேரத்தில் சில இடங்களில் 300 மில்லிமீட்டருக்கும் மேல் கொட்டியது. கவனிப்பாரற்ற வாய்க்கால் அதைத் தாங்காது.

வழிந்த நீர் முதலில் சீலிங்கில் மஞ்சள் வட்டமாகத் தெரியும். அந்த வட்டம் தெரியும்போது மேலே இரும்புக் கைமரத்தின் முனை, சுவருக்குள் செருகியிருக்கும் இடத்தில், துருப்பிடித்து உப்பியிருக்கும். கடற்காற்றின் உப்பும் சேர்ந்துகொள்வதால் இங்கே துரு வேகமாக ஏறும். துருப்பிடித்த இரும்பு பருத்துச் சுவரைப் பிளக்கும். ஆகவே பூச்சு விழுந்த இடத்தைப் பூசுவதற்கு முன் கைமரத்தின் இரு முனைகளையும் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்றால் நல்லது. மொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே ஏடு ஏடாகப் பெயர்ந்திருக்கிறது. கூரை ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருந்தால் அதைத் துளைக்கவோ உடைக்கவோ கூடாது. தென்னாப்பிரிக்காவில் 2008-இல் ஆஸ்பெஸ்டாஸ் தடைசெய்யப்பட்டது. பழையதை அகற்ற அதற்கெனப் பதிவுபெற்ற ஒப்பந்தக்காரர்தான் வரவேண்டும். கூரை மாற்றும் செலவு மலைபோல் நிற்பதற்கு இது பெரிய காரணம். உரிமையாளர்கள் தள்ளிப்போடுவதும் இதனால்தான்.

கூரை போனாலும் புதுக்கூரை போடலாம். தரை அப்படியில்லை. பழைய கொட்டகையின் தரை நுழைவாயிலிலிருந்து திரையை நோக்கி இறங்கும். முன்வரிசைக்காரர் தலை பின்வரிசைக்காரர் கண்ணை மறைக்காமல் இருக்க வேண்டுமே. கட்டடத்தைத் துணிக்கடைக்கோ நாற்காலிக் கடைக்கோ வாடகைக்கு விட்டதும் குடிவருபவர் கேட்கும் முதல் காரியம் தரையைச் சமப்படுத்துவது. ஒரு கணக்குப் போடுவோம். அரங்கு 30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். 15 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு என்றால் திரை அடியில் 2 மீட்டர் பள்ளம். அதை நிரப்ப 600 கன மீட்டர் செங்கல் குப்பையும் மண்ணும் வேண்டும். எடை 1000 டன் அளவுக்குப் போகும். அதற்கு மேல் கான்கிரீட் தளம்.

இதனால் கெடுவது பார்வைக்கோடு மட்டுமல்ல. திரைப்பக்கச் சுவரும் அதை ஒட்டிய பக்கச் சுவர்களும் கூரையைத் தாங்கக் கட்டப்பட்டவை, மண்ணைத் தாங்க அல்ல. 2 மீட்டர் உயரத்துக்கு மண் உள்ளிருந்து தள்ளும்போது அவை வெளியே பிதுங்கும். மண்ணிலிருக்கும் ஈரம் சுவரில் ஏறி வெளிப்பூச்சை உதிர்க்கும். மேடைக்கடியில் இருந்த காற்றுப்பாதை அடைபடும். மரத்தளம் இருந்த இடங்களில் கறையான் பிடிக்கும். பிறகு எவராவது மனம் வைத்துக் கொட்டகையை மீட்க வந்தால் அந்த 1000 டன்னையும் கதவு வழியாகத்தான் அள்ளி வெளியே கொண்டுவர வேண்டும், அதுவும் பிதுங்கிய சுவருக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டே. எந்தக் கணக்குப்பிள்ளையும் அதற்கு ஒப்பமாட்டார். சாய்தளத்தை நிரப்பிய நாளைத்தான் அந்தக் கொட்டகையின் கடைசி நாளாகக் குறித்துக்கொள்ள வேண்டும். கடைசிக் காட்சி நடந்த நாள் அதன் முடிவு அல்ல.

கேபினைப் பற்றிப் பேசினால் நிறுத்த மனம் வராது. 35 மில்லிமீட்டர் படம் வினாடிக்கு 24 கட்டம், நிமிடத்துக்கு 90 அடி ஓடும். இரண்டரை மணி நேர இந்தியப் படம் 13,500 அடி. 2000 அடிச் சுருளாகக் கட்டினால் ஏழு சுருள். இரண்டு புரொஜெக்டரை மாற்றி மாற்றி ஓட்டும்போது ஆறு இணைப்பு வரும். ஒன்று இடைவேளையில் போய்விட, ஐந்து முறை படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்ற வேண்டும். திரையின் வலது மேல் மூலையில் முதல் புள்ளி தெரிந்ததும் அடுத்த இயந்திரத்தின் மோட்டார் ஓட வேண்டும். ஏறக்குறைய ஏழு வினாடி கழித்து இரண்டாவது புள்ளி வரும்போது ஒளியும் ஒலியும் மாற வேண்டும். அடிக்கடி ஓடிய பிரிண்டில் சுருளின் தலையும் வாலும்தான் முதலில் கிழியும். கிழிந்ததை வெட்டி ஒட்ட ஒட்ட அந்தப் புள்ளிகளே காணாமல் போகும். அப்போது ஆபரேட்டர் வசனத்தை வைத்து நேரம் பிடிப்பார். இங்கே தணிக்கையும் கத்திரியோடு நின்றது. 1963-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு படத்தை ஓர் இனத்தாருக்கு அனுமதித்து இன்னோர் இனத்தாருக்கு மறுக்கவும் வாரியத்துக்கு அதிகாரம் இருந்தது. வெட்டிய ஒவ்வொரு இடமும் ஓர் ஒட்டு. ஒவ்வொரு ஒட்டும், புரொஜெக்டரில் படம் ஒளிக்கு முன் கடக்கும் கேட்டில் துள்ளும் இடம். இந்தியா 1946-இலேயே தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை முறித்துக்கொண்டிருந்ததால் பிரிண்டுக்கு நேர்வழியும் கிடையாது. கையிலிருக்கும் பிரிண்டைத்தான் கண்ணைப்போல் காக்க வேண்டும்.

செனான் வாயு விளக்கு வரும் முன் ஒளி கார்பனிலிருந்து வந்தது. 8 மில்லிமீட்டர் நேர்மின் குச்சி, 7 மில்லிமீட்டர் எதிர்மின் குச்சி, நடுவே தீ வில். நேர்மின் குச்சி வேகமாக எரியும். இடைவெளி விரிந்தால் திரை ஓரம் பழுப்படிக்கும். புகைபோக்கி அடைபட்டால் சாம்பல் கண்ணாடியில் படிந்து ஒளி பாதியாகும். பழைய கேபின்களில் ஜன்னல்களுக்கு மேலே இரும்புத் தகடும் அதைத் தாங்கும், எளிதில் உருகும் உலோகக் கண்ணியும் இருப்பதைப் பார்க்கலாம். 1950களின் தொடக்கம் வரை படச்சுருள் நைட்ரேட்டில் வந்தது. தீப்பிடித்தால் கண்ணி உருகித் தகடு தானாக விழுந்து அரங்கைக் காக்கும். அந்தத் தகடுகளைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறார்கள். கேபின் எந்தக் காலத்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. கேபினைச் சுத்தம் செய்பவர்கள் தயவுசெய்து அதை விட்டுவையுங்கள்.

அலமாரியில் பழைய சுருள் கிடைத்தால் மூடியைத் திறந்து முகர்ந்தாலே போதும். காடி நெடி வந்தால், நைட்ரேட்டுக்குப் பின் வந்த அசிடேட் படச்சுருள் சிதையத் தொடங்கிவிட்டது. டர்பன் ஈரப்பதத்தில் இது விரைவாக நடக்கும். அந்தப் பெட்டியை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வைக்க வேண்டும். ஆவி பக்கத்துச் சுருளையும் தூண்டிவிடும். சுருங்கிய படத்தைப் புரொஜெக்டரில் ஏற்றினால் பல்சக்கரம் துளைகளைக் கிழித்துவிடும். ஏற்றிப் பார்க்கும் ஆசையை அடக்குவது நல்லது.

திரும்பத் திறப்பவர்கள் டிஜிட்டலில்தான் திறக்க முடியும். அங்கேயும் சில உள்விவகாரங்கள் உண்டு. பழைய டிஜிட்டல் புரொஜெக்டரை மலிவாக வாங்கும்போது லென்ஸையும் விளக்கையும் பார்த்துவிட்டுக் காசு கொடுத்துவிடுகிறார்கள். படத்தின் பூட்டைத் திறக்கும் மீடியா பிளாக்கில் ஒரு பேட்டரி இருக்கிறது. அது செத்தால் உள்ளிருக்கும் சான்றிதழும் கடிகாரமும் போய்விடும். பிளாக்கைத் தயாரிப்பாளருக்கு அனுப்பித்தான் உயிர்ப்பிக்க வேண்டும். ஆகவே மாதக்கணக்கில் மின்சாரமில்லாமல் கிடந்த இயந்திரத்தை நம்பி வாங்கக்கூடாது. படத்துக்கான திறவுகோல் குறிப்பிட்ட நாள், மணிக்குள்தான் வேலை செய்யும் என்பதால் கடிகாரம் பிசகினால் படம் ஓடாது.

இந்த நாட்டு மின்வெட்டு வேறொரு பாடு. செனான் விளக்கு அணைந்த பிறகும் விசிறி பத்து நிமிடமாவது ஓடிச் சூட்டை இறக்க வேண்டும். அறிவிப்பில்லாமல் மின்சாரம் போனால் விளக்கு அப்படியே வெந்து ஆயுள் குறையும். விளக்குக்கு யுபிஎஸ் வைக்க வேண்டியதில்லை, அது கட்டுப்படியாகாது. சர்வருக்கும் விளக்கறை விசிறிக்கும் வைத்தால் போதும். அந்த விளக்கு ஆறியிருக்கும்போதும் உள்ளே வளிமண்டலத்தைப் போலப் பல மடங்கு அழுத்தம் இருக்கும். முகமூடியும் கையுறையும் இல்லாமல் கழற்றக்கூடாது. விரல் ரேகை பட்ட இடத்தில் குவார்ட்ஸ் மங்கி, சூடேறியதும் வெடிக்கக்கூடும்.

ஒற்றைத் திரையின் உண்மையான பாரம் காலி நாற்காலிகளில் இருக்கிறது. 1000 பேர் அரங்கில் 40 பேர் உட்கார்ந்தாலும் அதே விளக்கு, அதே குளிர்சாதனம். நமது கணக்கு அரங்கின் உயரம் 9 மீட்டர் என்றால் 5400 கன மீட்டர் காற்றைக் குளிர்விக்க வேண்டும். பால்கனியை மட்டும் சின்ன அரங்காகப் பிரித்துவிட்டுக் கீழே நிகழ்ச்சிகளுக்கு விடுவது பலருக்கும் தோன்றும் வழி. செய்யலாம். பிரிக்கும் சுவரைப் பால்கனி விளிம்பிலிருந்து தொங்கும் இலேசான தடுப்பாகச் செய்ய வேண்டும். செங்கல் சுவர் எழுப்பினால் பால்கனி உத்தரம் அதற்காகக் கணக்கிடப்பட்டதல்ல. நாற்காலிகளையும் அவசரப்பட்டு விற்கக்கூடாது. பஞ்சு வைத்த நாற்காலிதான் எதிரொலியை விழுங்குகிறது. அதை எடுத்துவிட்டால் அரங்கு பாழுங்கிணறு போல முழங்கும்.

முடியாத காரியம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. இதே டர்பனில் 1935-இல் வெள்ளையருக்காகக் கட்டிய பிளேஹவுஸ் சினிமாவை அரசுப் பணத்தில் மாற்றியமைத்து 1986-இல் கலையரங்கமாகத் திறந்தார்கள். கேப் டவுனில் லாபியா தியேட்டர் 2014-இல் பொதுமக்களிடம் பணம் திரட்டி டிஜிட்டலுக்கு மாறியது. கிரே தெருக் கொட்டகைகளுக்கு அரசு வந்ததாகவோ, அப்படியொரு திரட்டல் நடந்ததாகவோ தெரியவில்லை. அது நமக்கு வலிக்க வேண்டும்.

சட்டம் கொஞ்சம் கைகொடுக்கிறது. 60 ஆண்டு கடந்த எந்தக் கட்டடத்தையும் அனுமதியின்றி இடிக்கவோ மாற்றவோ கூடாது என்கிறது 1999-ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு. டர்பன் இருக்கும் குவாசூலு நட்டால் மாகாணத்தில் அனுமதி தருவது அமாஃபா என்ற பாரம்பரிய அமைப்பு. 1950களில் எழுந்தவையும் இப்போது இந்த வரம்புக்குள் வந்துவிட்டன. மாற்றம் என்பதில் உள்தரையும் அடங்கும். இதைத் தெரிந்து கேள்வி கேட்பவர் இருந்தால் சாய்தளத்தைப் பல இடங்களில் காப்பாற்றியிருக்கலாம். ஆனால் இடிக்காதே என்று சொல்லும் அந்தப் பிரிவு வாய்க்காலை வாரு என்று சொல்வதில்லை.

ஆகவே கொட்டகை கையிலிருக்கும் குடும்பங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் சொல்லக்கூடியது வாடகைப் பத்திரத்தைப் பற்றியது. கடைக்கோ சபைக்கோ விடுங்கள், தவறில்லை, பூட்டிக் கிடப்பதைவிட மேல். தரை சமமாக வேண்டுமென்றால் மண் நிரப்பக்கூடாது என்று எழுதுங்கள். உயரம் கூட்டிக் குறைக்கும் இரும்புக் கால்களின் மேல் சட்டகம் போட்டு, அதன் மேல் பலகை. பழைய சிமென்ட் தரையில் துளையிடாமல் கால்களுக்கு அடியில் ரப்பர் தகடு. சுவரோரம் நான்கு விரல் இடைவெளி விட்டுக் காற்றுக்குக் கம்பிவலை. உள்ளே ஒரு ஆள் தவழ்ந்துபோய்க் கறையானையும் ஈரத்தையும் பார்க்க இரண்டு மூடிகள். கேபின் ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைக்காமல் பலகையால் திருகி மூடச் சொல்லுங்கள். கூரை வாய்க்காலை செப்டம்பரிலும் ஏப்ரலிலும் வாரி, வாரிய அன்று எடுத்த படத்தோடு உரிமையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதைத் தனிப் பிரிவாகப் போடுங்கள்.