பீட்டா செல் எவ்வளவு மிச்சம்? சி-பெப்டைடு சொல்லும் கணக்கு

டைப் 1 சர்க்கரை நோயில், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை நேரடியாக எண்ண வழியில்லை. ரத்தத்தில் இன்சுலினை அளந்தால், ஊசியில் போட்டதும் கணக்கில் சேர்ந்துவிடும். அதனால்தான் சி-பெப்டைடு. இன்சுலினின் முன்வடிவமான புரோஇன்சுலின் வெட்டுப்படும்போது ஓர் இன்சுலினுக்கு ஒரு சி-பெப்டைடு வெளியாகும். ஊசி மருந்தில் அது கிடையாது. இன்சுலின் சில நிமிடங்களில் பாதியாகிவிடும், சி-பெப்டைடு பாதியாக அரை மணி நேரம் போல ஆகும்.

முறையான சோதனை இப்படி: இரவு முழுக்க வெறும் வயிறு, காலையில் உடல் எடை கிலோவுக்கு 6 மி.லி. கலப்பு உணவுப் பானம் (மாவுச்சத்து, புரதம், கொழுப்பு கலந்தது), அதிகபட்சம் 360 மி.லி. பிறகு இரண்டு மணி நேரம் வரை, இடைவெளி விட்டு விட்டுப் பல முறை ரத்தம். ஒரு முறைதான் ரத்தம் எடுக்க முடியும் என்றால் குடித்த 90-ஆவது நிமிடத்தில் எடுங்கள். லிட்டருக்கு 200 பிகோமோலுக்குக் கீழே என்றால் சுரப்பு மிகக் குறைவு. ரிப்போர்ட் மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று வந்தால் 331-ஆல் பெருக்குங்கள், 0.6 என்பது ஏறத்தாழ 200.

எண் ஏமாற்றும் இடங்கள் உண்டு. சர்க்கரை தாழ்ந்திருக்கும்போது எடுத்தால், செல் உயிரோடு இருந்தும் சுரக்காது. சிறுநீரகம் பழுதானால் சி-பெப்டைடு வெளியேறாமல் தேங்கி, எண் பொய்யாக உயரும். சீரம் குழாயை மேசையில் மறந்துவிட்டால் சி-பெப்டைடு சிதையும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. சேர்த்த குழாயில் ஒரு நாள் தாங்கும். நோய் தெரிந்த முதல் வாரத்தில், கீட்டோ அமிலம் ஏறிய நிலையில் எடுத்த எண்ணை நான் நம்பமாட்டேன். அப்போது செல்கள் செத்ததை விட மயங்கிக் கிடப்பதே அதிகமாக இருக்கலாம்.

ஜி.ஏ.டி. ஆன்டிபாடி (பீட்டா செல்லில் உள்ள ஒரு புரதத்துக்கு எதிராக உடலே உண்டாக்கும் எதிர்ப்பொருள்) வேறு கேள்விக்கான பதில்: உடலின் எதிர்ப்பு சக்தி பீட்டா செல்களைத் தாக்குகிறதா என்பதற்கு. எவ்வளவு மிச்சம் என்பதை அது சொல்லாது.