பழைய ஹைலக்ஸின் மூச்சுக்குழாய்

மியான்மரில், யாங்கூனுக்கு அருகிலுள்ள சௌத்தான் பக்கத்துக் கிராமங்களிலிருந்து அறுவடைக் காலத்தில் நெல் மூட்டையும், பங்குனியில் பீலிக்கான் அம்மன் கோயிலுக்குப் போகும் கூட்டத்தையும் ஏற்றுவதற்காக, 1994ஆம் ஆண்டு ஹைலக்ஸ் பிக்கப் ஒன்றை வாங்கினேன். பானெட்டைத் தூக்கியதும் கண்ணில் பட்டது குரோம் குழாயும் அதன் நுனியில் செருகியிருந்த சிவப்புக் கூம்பு ஃபில்டரும்தான். என்ஜினுக்குள் போகும் காற்றை வடிகட்டும் கம்பெனி ஏர் கிளீனர் பெட்டியைக் கழற்றிவிட்டு முந்தைய உரிமையாளர் அதை மாட்டியிருந்தார். அதன் உறுமலில் நானும் சில மாதங்கள் மயங்கிக் கிடந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பாரம் ஏற்றிக்கொண்டு தன்லின் பாலத்தின் ஏற்றத்தில் போகும்போதெல்லாம் வண்டி கரும்புகை கக்கியது. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத 2779 சி.சி. டீசல் என்ஜின் அது. பெடலை மிதிக்க மிதிக்க பம்ப் டீசலைக் கூட்டுமே தவிர, உள்ளே வரும் காற்று போதுமா என்று பார்க்காது. மூடியில்லாத கூம்பு, ரேடியேட்டரைத் தாண்டி வரும் சூடான காற்றைத்தான் இழுத்தது. வெளியே 30 டிகிரியாக இருக்கும் காற்று பானெட்டுக்குள் 60 டிகிரியானால் அதன் அடர்த்தி ஏறக்குறைய 9 சதவீதம் குறைந்துவிடும். காற்றுப் போதாமல் முழுதாக எரியாத டீசல்தான் கரும்புகையாக வந்தது.

ஆயினும் என்னை மாற வைத்தது புகையன்று, திஞ்சான்தான். நம் சித்திரைப் பிறப்பை ஒட்டி வரும் அந்தத் தண்ணீர்த் திருவிழாவில், சாலையோர மேடையிலிருந்து ஹோஸால் பீய்ச்சிய நீர் கிரில் வழியாகப் புகுந்து கூம்பை நனைக்க, என்ஜின் திணறி நின்றது. தண்ணீர் சிலிண்டர் வரை போயிருந்தால், பிஸ்டனால் அதை அமுக்க முடியாமல் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்திருக்கும் என்று மெக்கானிக் அண்ணன் சொன்னபோது, கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டாள்.

பழைய இரும்புக் கடையில் கம்பெனிப் பெட்டி கிடைத்தது. எண்ணெய் தடவிய துணி ஃபில்டர் போடலாமா என்றும் யோசித்தேன். கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம் என்பது அதன் கவர்ச்சி. வைக்கோல் தூசியும் செம்மண்ணும் பறக்கும் பாதைக்கு நுண்தூசியை நன்றாகப் பிடிக்கும் காகித ஃபில்டரே ஏற்றது என்று முடிவு செய்தேன். ஸ்நோர்கெல் எனும் உயரமான காற்றுக்குழாய் வைத்தால் கூரை உயரத்துத் தூசி குறைந்த காற்று கிடைக்கும் என்றாலும், இணைப்புகள் சரியில்லாத வண்டிக்கு அது வெறும் அலங்காரம் என்று அண்ணன் தடுத்துவிட்டார்.

அவர் சொன்னது இரண்டே வாரத்தில் விளங்கியது. ஃபில்டருக்கும் என்ஜினுக்கும் இடையிலுள்ள குழாயைக் கழற்றி, "தம்பி, உள்ளே விரலை விட்டுப் பாருங்கள்" என்றார். சுத்தமாக இருக்க வேண்டிய அந்தப் பக்கத்திலிருந்து விரல் மஞ்சள் பூசியதுபோல் தூசியோடு வந்தது. நான் வாங்கிய புதிய ஃபில்டர், பெயர் பெற்ற கம்பெனியின் அட்டைப்பெட்டிக்குள் இருந்த போலி. பழையதை அருகில் வைத்துப் பார்த்தபோது போலியின் ரப்பர் விளிம்பு 2 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்ததால், கிளிப்பைப் பூட்டினாலும் மூடி அதன்மேல் அழுந்தவில்லை. விற்ற கடைக்காரர் திரும்ப வாங்க மறுத்தார். அந்தப் பணம் போனது போனதுதான். அந்த இடைவெளியில் புகும் மணல்துகள் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் அரைத்து, என்ஜினை ஆயில் குடிக்க வைத்துவிடும்.

அதன்பின் புதிய ஃபில்டர் போடும்போதெல்லாம் மூடியின் உள்விளிம்பில் மெல்லியதாகக் கிரீஸ் தடவிப் பூட்டி, உடனே திறந்து ரப்பரைப் பார்க்கிறேன். கிரீஸ் தடம் எங்கும் அறுபடாமல் வட்டமாகப் பதிந்திருந்தால்தான் அந்த ஃபில்டர் என் வண்டியில் இருக்கும். ரப்பர் ஹோஸை மடக்கி விரித்து மடிப்புகளுக்குள் வெடிப்பு தேடுகிறேன். மேலோட்டமாகப் பார்த்தால் அது தெரியாது.

முன்பு வாரந்தோறும் ஃபில்டரைக் கழற்றி ஏர் அடித்துவந்தேன். அது தவறு. காகிதத்தின்மேல் படியும் மெல்லிய தூசிப் படலமும் சேர்ந்துதான் அடுத்து வரும் தூசியைத் தடுக்கிறது. மேலும், கழற்றும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தூசி உள்ளே உதிரவே செய்யும். இப்போது அறுவடை மாதங்களில், இழுவை குறைந்தால் மட்டும், குறைந்த அழுத்தத்தில் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக ஊதிவிட்டு, உள்ளே பல்பைப் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிறேன். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் குப்பைக்குத்தான். மழைக்காலம் வந்தால் பெட்டியின் அடியிலுள்ள வடிகால் துளையில் அடைத்திருக்கும் சேற்றைக் குத்தி எடுப்பது ஒன்றே கூடுதல் வேலை.

குரோம் குழாயைப் பக்கத்துத் தெருப் பையன் கேட்டு வாங்கிப்போனான். எதற்கு என்று நான் கேட்கவில்லை.