தலைவர் மகள்

காலையில் பார்த்தால், தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயத்துத் தகரக் கூரையில், காற்றுக்குப் பறக்காமல் இருக்க வைத்த கற்களுக்கு நடுவில், தோட்டத் தலைவர் மகள் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். காதில் போன்.

அங்கேதான் சிக்னல் வருமாம்.

"இறங்கு புள்ள, ஊரே பாக்குது!"

"பாக்கட்டும்பா."

சம்பளப் பிரச்சினை என்றால் தோட்டத்தை நடத்துகிற துரையோடு மல்லுக்கட்டுகிற மனிதர், ஏணியைப் பிடித்தபடி அப்படியே நிற்கிறார். பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

எனக்கு ஆலிஸ் ரூஸ்வெல்ட் ஞாபகம் வந்துவிட்டது. அமெரிக்க ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட்டின் மூத்த மகள். பிறந்த இரண்டாம் நாளே தாயை இழந்தவள். என் கூரைக்குக் கீழே சிகரெட் பிடிக்காதே என்று அப்பா சொன்னதும், வெள்ளை மாளிகையின் கூரை மேலேயே ஏறிப் பிடித்தாளாம். எமிலி ஸ்பினாச் என்று பெயர் வைத்து ஒரு பாம்பு வேறு வளர்த்தாள் (கீரைக்கும் பாம்புக்கும் என்ன சம்பந்தமோ!). 1905ல் ஆசியாவுக்கு வந்த கப்பலில், உடுத்திய உடுப்போடு நீச்சல் தொட்டியில் குதித்தாள். 1980ல், 96 வயதில் சாகும் வரை அந்த வாய் அடங்கவில்லை.

நாட்டை ஆளலாம், இல்லை ஆலிஸைக் கவனிக்கலாம், இரண்டையும் சேர்த்துச் செய்ய என்னால் முடியாது என்று அவள் அப்பாவே சொல்லியிருக்கிறார்.

தலைவரிடம் இதைச் சொன்னேன்.

"அந்தாளுக்கு நாடு மட்டுந்தானே தம்பி" என்றார். அப்புறம் மேலே பார்த்து, "சரி, தேத்தண்ணிய மேலயே கொண்டாரவா?"