மூன்றாவது தட்டில் இருந்த டிஸ்க்

காரைக்குடியில் தெரிந்த அண்ணன் ஒருவர் கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். ஸ்டுடியோ என்றால் அவர்களுடைய பழைய வீட்டு முகப்பை ஒட்டிய ஓர் அறைதான். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, வெயில் காலத்திலும் காலுக்குச் சில்லென்று இருக்கும். அங்கே ஒரு லினக்ஸ் சர்வரை நான்தான் அமைத்துக் கொடுத்தேன். 4 டெராபைட் டிஸ்க் நாலு, ரெய்டு 5 (நாலையும் சேர்த்து ஒரே பெரிய டிஸ்க் போல ஓட்டும் முறை). ஒரு டிஸ்க் அளவு பாரிட்டிக்கு, அதாவது செத்த டிஸ்க்கின் டேட்டாவைத் திரும்பக் கணக்கிட உதவும் தகவலுக்குப் போக 12 டெராபைட் கைக்கு வரும். ஒரு டிஸ்க் செத்தால் தாங்கும், இரண்டு செத்தால் எல்லாம் போச்சு.

வைகாசி முகூர்த்த நெருக்கடியில் போன் வந்தது. "தம்பி, எடிட்டிங் நகரவே மாட்டேங்குது." போய், ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட்டைப் பார்த்தேன். நன்றாக ஓடும் டிஸ்க்குக்கு ஒன்று என நாலு யு வரிசையாக நிற்க வேண்டிய இடத்தில் இரண்டாவது யு இல்லை, ஓர் அடிக்கோடு மட்டும். எஸ்டிசி என்ற டிஸ்க்குக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எஃப். ஃபெயில்.

ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஆடம் கட்டளையில் ரிமூவ் கொடுத்து எஸ்டிசியை வரிசையிலிருந்து நீக்கினேன். அதுவரை சரி. அப்புறம் பெட்டியைத் திறந்து, ஏ, பி, சி என்று எண்ணி மூன்றாவது தட்டை இழுத்தேன். டிஸ்க்குகளுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி என்று வரிசையாகப் பெயர் வரும்; லினக்ஸ் இருக்கும் எஸ்எஸ்டிதான் எஸ்டிஏ என்பது அந்த நேரத்தில் புத்தியில் வரவில்லை. முதல் தட்டே எஸ்டிபி. நான் இழுத்தது நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஸ்டிடி.

திரை முழுக்கப் பிழைச் செய்தி. அண்ணனுடைய ஆச்சி காப்பியோடு வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, எங்க அறுபதாங்கல்யாணப் படமும் அதுலதான் இருக்கா?" என்றார். இருந்தது. நான் காப்பியை வாங்கிக்கொண்டேன்.

இந்த இடத்தில் பதறிப்போய், டிஸ்க் கூட்டைப் புதிதாக உருவாக்கும் கிரியேட் கட்டளையைக் கொடுப்பவர்கள் உண்டு. டிஸ்க் வரிசையோ அமைப்போ கொஞ்சம் மாறினாலும் பழைய டேட்டா மேல் மண் விழுந்துவிடும். நான் டிஸ்க்கைத் திரும்பச் செருகினேன். அது எஸ்டிஎஃப் என்ற புதுப் பெயரில் வந்தது. அன்மவுண்ட் செய்து, அர்ரேயை (டிஸ்க் கூட்டை) ஸ்டாப் செய்து, எக்ஸாமின் கட்டளையால் ஒவ்வொரு டிஸ்க்கின் ஈவென்ட்ஸ் எண்ணையும் (அர்ரேயில் மாற்றம் நடக்க நடக்க ஏறும் எண்) பார்த்தேன். இரண்டில் ஒரே எண். நான் பிடுங்கியதில் சிலதான் குறைவு. செத்ததில் ரொம்பப் பின்தங்கிய எண். செத்ததை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் அசெம்பிள், ஃபோர்ஸ் என்று, எண் வித்தியாசத்தைப் பொருட்படுத்தாமல் சேர்க்கும்படி கொடுத்தேன். எழுந்து உட்கார்ந்தது.

உடனே புது டிஸ்க்கைச் சேர்க்கவில்லை. ரீபில்டு என்பது மிச்சமுள்ள மூன்றையும் முதலிலிருந்து கடைசிவரை படித்துப் புதியதை நிரப்பும் வேலை. அதில் இன்னொன்று மண்டையைப் போட்டால் கதை முடிந்தது. ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்து, இன்னும் டெலிவரி கொடுக்காத கல்யாணங்களையும் ஆச்சியின் வீடியோவையும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுத்தேன். அதற்கே சாயங்காலம் ஆகிவிட்டது.

இந்த முறை, டிஸ்க்கின் விவரங்களைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் எஸ்டிசியின் சீரியல் எண்ணை எடுத்துத் தாளில் எழுதி, டிஸ்க் ஸ்டிக்கரோடு இரண்டு தடவை ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் கழற்றினேன். புதியதைச் செருகி ஆட் கொடுத்ததும் ரீபில்டு ஆரம்பித்தது. முதலில் நொடிக்கு 150 எம்பி, டிஸ்க்கின் உள்வட்டத்துக்குப் போகப் போக 80. ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடியது. நடுவில் ஒருமுறை கரண்ட் போனது, யுபிஎஸ் தாங்கியது.

விடியற்காலை நாலு யு வந்தது. அடுத்த வேலையாக நாலு தட்டின் நெற்றியிலும் சீரியல் எண்ணின் கடைசி நாலு எழுத்தை மார்க்கரால் எழுதி ஒட்டினேன். ஆச்சி எட்டிப் பார்த்து, "இதை முதல்லயே ஒட்டியிருக்கலாம்ல?" என்றார்.